நீதிபதி சையித் அமீர் அலி: வக்ஃபுக்காக எழுதப்பட்ட ஒரு மாறுபட்ட தீர்ப்பு

நம் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. பள்ளியின் பெயரில் இருக்கும் கடை, தோப்பு, மனை ஆகியவை உண்மையில் யாருக்குச் சொந்தம்? எழுதிவைத்தவரின் வாரிசுகளுக்கா? பல ஆண்டுகளாகக் கணக்குப் பார்த்துவரும் முத்தவல்லிக்கா? ஜமாஅத்துக்கா? மார்க்கம் தெரிந்த பெரியவர்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள். வக்ஃபு செய்யப்பட்ட சொத்து அல்லாஹ்வுக்கு உரியது, முத்தவல்லி அதைப் பார்த்துக்கொள்பவர் மட்டுமே.

ஹஜ்ரத்மார்கள் சொல்லும் இந்தப் பதிலை இன்று இந்திய நீதிமன்றங்களும் ஏற்கின்றன. ஆனால் அது தானாக நடந்துவிடவில்லை. ஆங்கிலேய நீதிபதிகள் நிறைந்த நீதிமன்றங்களில் இருந்துகொண்டு, நம் ஃபிக்ஹு நூல்களை எடுத்துவைத்து, தோற்றபோதும் தன் கருத்தை மாற்றிக்கொள்ளாத ஒருவர் அதற்குப் பின்னால் இருக்கிறார். அவர் நீதிபதி சையித் அமீர் அலி. அவருடைய ‘ஸ்பிரிட் ஆஃப் இஸ்லாம்’ நூலைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அவருடைய சட்டப் பணியை அறிந்தவர்கள் குறைவு.

வக்ஃபில் படித்த மாணவர்

அமீர் அலி 1849 ஏப்ரல் 6 அன்று ஒடிசாவின் கட்டாக்கில் பிறந்தார். தந்தை சஆதத் அலி. பாரசீகத்தின் மஷ்ஹதிலிருந்து வந்த ஷீஆ சையிது குடும்பம் அது. அவத் பகுதியில் சில தலைமுறைகள் வாழ்ந்த குடும்பம், பிறகு கட்டாக் வழியாக வங்காளத்திற்கு வந்து, ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள சின்சுராவில் குடியேறியது. அரபும் பாரசீகமும் வீட்டுக் கல்வியாக இருந்த காலத்தில், பிள்ளைகள் ஆங்கிலமும் படிக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர் தந்தை.

அமீர் அலி படித்த ஹூக்ளி கல்லூரிக்கே ஒரு வக்ஃபு வரலாறு இருக்கிறது. ஹாஜி முஹம்மது முஹ்சின் என்ற செல்வந்தர் 1806இல் தன் பெரும் சொத்துகளை அறப்பணிக்கு எழுதிவைத்தார். அவர் 1812இல் மறைந்த பின் முத்தவல்லிகள் மீது முறைகேட்டுப் புகார்கள் எழுந்தன. அரசாங்கம் நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அந்தப் பணத்திலிருந்து 1836இல் ஹூக்ளி கல்லூரி தொடங்கப்பட்டது. ஆனால் ஒரு முஸ்லிமின் வக்ஃபில் நடந்த கல்லூரியில் முஸ்லிம் மாணவர்கள் மிகக் குறைவாகவே இருந்தார்கள். முஹ்சின் நிதியை முஸ்லிம்களின் கல்விக்குத் திருப்ப அரசு முன்வந்தது 1873இல்தான்.

இந்த நிலைமையை இளம் வயதிலேயே கண்ணால் பார்த்தவர் அமீர் அலி. ஹூக்ளி இமாம்பாராவின் முத்தவல்லி சையித் கராமத் அலி அவருக்கு அறிவு வழிகாட்டியாக இருந்தார். ஒரு வக்ஃபு சமுதாயத்தை எப்படி உயர்த்தும் என்பதையும், கணக்கும் கண்காணிப்பும் தவறினால் அது எப்படிக் கைமாறிப் போகும் என்பதையும் அவர் அங்கேயே கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அந்த இமாம்பாராவின் நிர்வாகக் குழுத் தலைவராக 1876 முதல் 1904 வரை, ஏறத்தாழ 28 ஆண்டுகள் பொறுப்பு வகித்தார்.

1867இல் பட்டம், அடுத்த ஆண்டு வரலாற்றில் முதுகலை, 1869இல் சட்டப் பட்டம் என்று தொடர்ச்சியாகப் படித்து முடித்தார். அரசு உதவித்தொகை கிடைத்தது. லண்டன் சென்று இன்னர் டெம்பிளில் பாரிஸ்டர் படிப்பை 1873இல் நிறைவு செய்தார். அதே ஆண்டில் நபி (ஸல்) அவர்களின் வாழ்வையும் போதனையையும் பற்றிய தன் முதல் ஆங்கில நூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 24.

நீதிபதிகளுக்குத் தெரியாத சட்டம்

கல்கத்தா திரும்பிய அமீர் அலி உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார். பிரசிடென்சி கல்லூரியில் இஸ்லாமியச் சட்டம் கற்பித்தார். அங்கேதான் ஒரு பெரிய குறை அவர் கண்ணில் பட்டது.

திருமணம், தலாக், மஹர், வாரிசுரிமை, வக்ஃபு ஆகிய விவகாரங்களில் முஸ்லிம்களுக்கு அவர்களின் சட்டமே பொருந்தும் என்பது ஆங்கிலேய ஆட்சி ஏற்றுக்கொண்ட விதி. ஆரம்பத்தில் நீதிமன்றங்களில் மௌலவிகள் சட்ட அலுவலர்களாக இருந்து நீதிபதிக்கு ஃபத்வா சொல்வார்கள். 1864இல் அந்தப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. காழிகளை அரசு நியமிக்கும் முறையும் அதோடு நின்றது. அதற்குப் பிறகு, அரபு எழுத்துகூடத் தெரியாத ஆங்கிலேய நீதிபதி தாமே நம் சட்டத்தைக் கண்டுபிடித்துத் தீர்ப்பு வழங்க வேண்டியதாயிற்று. அவர் மேசையில் இருந்தவை சில மொழிபெயர்ப்புகள். அவற்றில் முக்கியமான ஹிதாயா 1791இல் ஆங்கிலத்தில் வந்தது. அதுவும் அரபு மூலத்திலிருந்து நேரடியாக அல்ல, பாரசீகப் பெயர்ப்பின் வழியாக வந்தது.

மூல நூல்களைப் படிக்க முடியாத இடத்தில் நீதிபதி எதைக் கொண்டு இடைவெளியை நிரப்புவார்? தான் பழகிய ஆங்கிலச் சட்டத்தைக் கொண்டுதான் நிரப்புவார். அமீர் அலியின் கவலை இதுவே. அவர் 1880இல் முஸ்லிம்களின் தனியார் சட்டம் பற்றிய நூலை எழுதினார். 1884இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்டப் பேராசிரியராக, ஹிபா, வக்ஃபு, வஸிய்யத் ஆகியவை குறித்துச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவை நூலாக வந்து, வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் பல பத்தாண்டுகள் கையாளும் நூலாகியது.

சட்டத்தைப் பற்றி அவர் கொண்ட பார்வை பழமையைப் பேணும் பார்வை. ஒரு சமுதாயத்தின் சட்டம் அந்தச் சமுதாயத்தின் அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொகுத்துவைத்தது. நீதிபதி அதைத் தேடிப் படித்து அதன்படி தீர்ப்பளிக்க வேண்டும். தனக்கு நியாயமாகத் தோன்றுவதை அதன் இடத்தில் வைக்கும் உரிமை அவருக்கு இல்லை. மாற்றம் தேவைப்பட்டால் அதற்குச் சட்டமன்றம் இருக்கிறது. அதேசமயம் நம் சட்டம் எல்லாவற்றிலும் பிற்பட்டது என்ற பேச்சையும் அவர் ஏற்கவில்லை. இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரில் முழுமையாக வைத்துக்கொள்ள வழிசெய்த சட்டம் 1882இல்தான் வந்தது. முஸ்லிம் பெண்ணுக்கு அந்த உரிமை பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்ததை அவர் ஆங்கிலேய வாசகர்களுக்குத் தன் நூல்களில் எடுத்துக்காட்டினார்.

சில்ஹட் சகோதரர்களின் பத்திரம்

1890இல் அமீர் அலி கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியானார். அவர் பதவியேற்ற காலத்தில் நீதிமன்றத்தைச் சுற்றிவந்த பெரிய பிரச்சினை குடும்ப வக்ஃபு. வக்ஃபு அலல் அவ்லாது என்று நாம் சொல்வது அதுதான்.

முறை எளிமையானது. ஒருவர் தன் நிலத்தை வக்ஃபு செய்கிறார். அதன் வருமானம் முதலில் தன் பிள்ளைகளுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் போக வேண்டும், வம்சம் அற்றுப்போனால் ஏழைகளுக்குப் போக வேண்டும் என்று எழுதுகிறார். நிலத்தை யாரும் விற்க முடியாது, பாகம் பிரிக்க முடியாது.

ஆங்கிலச் சட்டம் படித்தவருக்கு இது விசித்திரமாகத் தெரியும். அறக்கட்டளை என்றால் பொதுமக்களுக்கு நன்மை இருக்க வேண்டும். தன் பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போடுவது எப்படித் தர்மமாகும்? இந்தக் கேள்வி அவர்களுக்கு இயல்பானது.

நம் மார்க்கத்தில் அதற்கு வேறு பதில் இருக்கிறது. குடும்பத்துக்கும் உறவினருக்கும் செலவழிப்பது ஸதகா என்றும், அதற்குப் பெரிய நன்மை உண்டு என்றும் நபிமொழிகள் கற்பிக்கின்றன. உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் நிலம் கிடைத்தபோது, அசலைக் கைவைக்காமல் நிறுத்திவைத்து விளைச்சலை அறத்துக்கு விடும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்த விளைச்சலில் பங்கு பெறுவோரில் ஏழைகள், வழிப்போக்கர்கள், விருந்தினர்களுடன் உறவினர்களும் இருந்தார்கள். இந்த அடிப்படையில் ஹனஃபி ஃபகீஹுகள் குடும்ப வக்ஃபுக்கு விரிவான விதிகளை எழுதிவைத்திருந்தார்கள்.

1892இல் இந்தப் பிரச்சினை கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வுக்கு வந்தது. பிகானி மியா வழக்கு என்று அது அறியப்படுகிறது. பெரும்பான்மை நீதிபதிகள் குடும்ப வக்ஃபுக்கு எதிராக முடிவு செய்தார்கள். அமீர் அலி அவர்களோடு உடன்படவில்லை. அரபு மூல நூல்களிலிருந்து ஆதாரங்களை அடுக்கி நீண்ட மாறுபட்ட தீர்ப்பை எழுதினார். தர்மம் என்ற சொல்லுக்கு இஸ்லாத்தில் என்ன பொருள் என்பதை இஸ்லாமிய நூல்களிலிருந்துதான் அறிய வேண்டும், ஆங்கில அகராதியிலிருந்து அல்ல என்பது அவர் வாதத்தின் சாரம்.

சில்ஹட்டைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் 1868இல் எழுதிய இதே மாதிரியான ஒரு வக்ஃபுப் பத்திரம் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில் வரை சென்றது. அன்றைய இந்தியாவுக்கு அதுவே இறுதி நீதிமன்றம். அபுல் ஃபதா வழக்கு எனப்படும் அதில் 1894இல் தீர்ப்பு வந்தது. வம்சம் முழுதும் அற்றுப்போன பிறகுதான் ஏழைகளுக்குக் கிடைக்கும் என்றால், ஏழைகளின் பெயர் அங்கே வெறும் ஒப்புக்குச் சேர்க்கப்பட்டது என்று நீதிபதிகள் கருதினார்கள். வக்ஃபு செல்லாது என்றார்கள். அமீர் அலி தன் தீர்ப்புகளில் வைத்த கருத்தும் அங்கே எடுத்துப் பார்க்கப்பட்டு மறுக்கப்பட்டது.

இதன் விளைவு ஒரு குடும்பத்தோடு நிற்கவில்லை. தலைமுறைகளாகச் செல்லும் என்று நம்பப்பட்ட பத்திரங்கள் நாடெங்கும் கேள்விக்குள்ளாயின. அவற்றை நம்பிக் கட்டிக்காக்கப்பட்ட நிலங்கள் பாகப்பிரிவினைக்கும் கடன்காரர்களின் ஏலத்துக்கும் திறந்துவிடப்பட்டன.

நியாயமாகப் பார்த்தால் மறுபக்கமும் இருந்தது. கடனைத் திருப்பித் தராமல் தப்பிக்க வக்ஃபு எழுதியவர்களும், பெண் பிள்ளைகளின் பங்கைத் தடுக்க அதைக் கருவியாக்கியவர்களும் இருந்தார்கள். ஆங்கிலேய நீதிபதிகளின் சந்தேகம் முற்றிலும் ஆதாரமற்றது அல்ல. பிற்காலத்தில் சிரியா 1949இலும் எகிப்து 1952இலும் குடும்ப வக்ஃபுகளையே ஒழித்தன. ஆனால் மோசடி நடந்தால் அந்த மோசடியைத் தடுக்க வேண்டும், அதற்காக ஒரு சமுதாயத்தின் சட்டத்தையே இல்லை என்று சொல்லக் கூடாது என்பதுதான் அமீர் அலி நின்ற இடம்.

19 ஆண்டுகள் காத்திருப்பு

உச்சபட்ச நீதிமன்றம் மறுத்த பிறகு ஒரு நீதிபதி என்ன செய்ய முடியும்? அமீர் அலி பதவியை விட்டு வெளியேறவில்லை. அதே நாற்காலியில் 1904 வரை அமர்ந்து வழக்குகளை விசாரித்தார். ஆனால் தன் சட்ட நூலின் பதிப்புகளில் அந்தத் தீர்ப்பு எங்கே தவறியது என்பதை விளக்கி எழுதினார். சட்டம் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் பிரிவி கவுன்சிலின் முடிவைப் படிக்கும்போது, அதற்கான மறுப்பையும் படிக்கும் நிலை ஏற்பட்டது.

மக்களிடையே இதைக் கொண்டுசென்றவர்கள் வேறு பலர். அறிஞர் ஷிப்லி நுஃமானி வக்ஃபு அலல் அவ்லாது பற்றி எழுதி, உலமாக்களின் ஆதரவைத் திரட்டினார். சட்டமன்றத்தில் அதை ஏற்றவர் அன்று இளம் வழக்கறிஞராக இருந்த முஹம்மது அலி ஜின்னா. 1911இல் அவர் கொண்டுவந்த மசோதா 1913 மார்ச்சில் முஸ்லிம் வக்ஃபு செல்லுபடிச் சட்டமாக நிறைவேறியது. ஒரு முஸ்லிம் தன் குடும்பத்துக்காகவும் சந்ததிக்காகவும் வக்ஃபு செய்யலாம், இறுதிப் பயன் ஏழைகளுக்கோ நிலையான மார்க்கப் பணிக்கோ ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும், ஏழைகளுக்கு அது தாமதமாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் வக்ஃபு செல்லாமல் போகாது என்று அந்தச் சட்டம் தெளிவாக்கியது. 1892இல் அமீர் அலி சிறுபான்மையாக எழுதியதன் சாரம் 1913இல் நாட்டின் சட்டமானது.

ஒரு குறை மிச்சமிருந்தது. 1913க்கு முன்பு எழுதப்பட்ட பத்திரங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று பிரிவி கவுன்சில் 1922இல் கூறிவிட்டது. பழைய வக்ஃபுகளையும் காக்கும் சட்டம் 1930இல் வந்தது. அதைப் பார்க்க அமீர் அலி உயிரோடு இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்திருந்தார்.

தன்னை மறுத்த மன்றத்தில் இடம்

ஓய்வுக்குப் பின் அமீர் அலி இங்கிலாந்தில் குடியேறினார். அவருடைய மனைவி இசபெல் ஐடா கான்ஸ்டம் லண்டனைச் சேர்ந்தவர், 1884இல் திருமணம் நடந்தது. 1909இல் பிரிவி கவுன்சிலின் நீதிக் குழுவில் அமீர் அலி நியமிக்கப்பட்டார். அந்த இடத்தில் அமர்ந்த முதல் இந்தியர் அவர்தான். எந்த மன்றம் அவர் கருத்தை ஒதுக்கித் தள்ளியதோ அதே மன்றத்தில் இறுதிவரை, கிட்டத்தட்ட 19 ஆண்டுகள் தீர்ப்பு வழங்கினார்.

அங்கே அவர் எழுதிய இரண்டு தீர்ப்புகள் இன்றும் நம் குடும்பங்களைத் தொடுகின்றன.

முதலாவது 1918ஆம் ஆண்டின் இமாம்பாந்தி வழக்கு. தந்தை இறந்த வீட்டில், சிறு வயதுப் பிள்ளைகளின் பங்கையும் சேர்த்துத் தாய் விற்றுவிட்டார். அந்த விற்பனை பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது என்று அமீர் அலி எழுதினார். பிள்ளையை வளர்க்கும் உரிமை தாய்க்கு உண்டு. பிள்ளையின் அசையாச் சொத்தை விற்கும் அதிகாரம் அதனால் மட்டும் வந்துவிடாது. தந்தை, தந்தை நியமித்தவர், பாட்டனார், பாட்டனார் நியமித்தவர் ஆகியோருக்கே அது உண்டு. அவர்கள் யாரும் இல்லாவிட்டால் நீதிமன்றத்தை அணுகிக் காப்பாளர் நியமனம் பெற வேண்டும். கேட்பதற்கு இது தாய்மார்களுக்குக் கடுமையாகத் தோன்றலாம். அதே விதிதான் சிறிய தந்தைமாரும் அண்ணன்மாரும் யதீம்களின் பங்கைத் தங்கள் இஷ்டத்துக்கு விற்பதையும் தடுக்கிறது. யதீமின் சொத்தில் கைவைப்பதைக் குர்ஆன் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நாம் அறிவோம்.

இரண்டாவது 1921இல் வந்தது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற மேல்முறையீடு அது. வழக்கு ஒரு இந்து மடத்தைப் பற்றியது. முன்பிருந்த மடாதிபதி மடத்து நிலத்தை நிரந்தரக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்திருந்தார். பின்வந்தவர் அதை எதிர்த்தார். வித்யா வாருதி தீர்த்தர் வழக்கு என்று சட்ட நூல்கள் அதைக் குறிப்பிடும். மடாதிபதியை ஆங்கிலச் சட்டத்தின் டிரஸ்டியாக எடுத்துக்கொள்ளலாமா என்பதே மையக் கேள்வி.

அமீர் அலியின் பதில் தெளிவானது. ஆங்கிலேயரின் டிரஸ்டு என்பது வேறு, இந்த நாட்டு அறக்கொடைகள் வேறு. டிரஸ்டிக்குச் சொத்து சட்டப்படி உரிமையாகிறது. மடாதிபதிக்கும் முத்தவல்லிக்கும் அப்படி ஆவதில்லை. வக்ஃபில் சொத்தின் உரிமை இறைவனிடம் போய்விடுகிறது, முத்தவல்லி மேலாளர் மட்டுமே. ஆகவே தன் காலத்துக்குப் பிறகும் கட்டுப்படுத்தும் விதத்தில், அவசியம் இல்லாமல் நிரந்தரக் குத்தகை கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஒரு மடத்தின் வழக்கில் ஒரு முஸ்லிம் நீதிபதி சொன்ன இந்த விளக்கம், கோயில், மடம், தர்கா, பள்ளிவாசல் என்று எல்லாச் சொத்து வழக்குகளிலும் பின்னர் எடுத்துக்காட்டப்பட்டது. ஒவ்வொரு சமுதாயத்தின் அறத்தையும் அதன் சொந்த நூல்களைக் கொண்டு புரிந்துகொள்ள வேண்டும் என்ற தன் கொள்கையை அவர் இந்துக்களின் விஷயத்திலும் அப்படியே கடைப்பிடித்தார்.

அரசியலில் அதே குணம்

நீதிமன்றத்தில் இருந்த குணமே அவருடைய பொது வாழ்விலும் இருந்தது. போராட்டமும் கிளர்ச்சியும் அவருக்கு ஒவ்வாதவை. மனு எழுதுவது, ஆதாரம் திரட்டுவது, சட்டமன்றத்தில் பேசுவது ஆகியவையே அவர் வழிகள். 1870களின் பிற்பகுதியில் அவர் தொடங்கிய தேசிய முஹம்மதியச் சங்கம், முஸ்லிம்களின் கல்வி, அரசு வேலை, சட்ட நிர்வாகம் பற்றிய குறைகளைத் தொகுத்து 1882இல் வைஸ்ராய் ரிப்பனிடம் விரிவான மனு அளித்தது. 1885இல் அரசு முஸ்லிம்களின் கல்வி குறித்துத் தீர்மானம் வெளியிட அது காரணமாயிற்று. வைஸ்ராயின் சட்டமன்றத்தில் 1883 முதல் 1885 வரை உறுப்பினராக இருந்தபோது, இந்திய நீதிபதிகள் ஐரோப்பியர்களை விசாரிக்க அனுமதிக்கும் இல்பர்ட் மசோதாவை ஆதரித்தார்.

1908இல் லண்டன் முஸ்லிம் லீகை நிறுவி, சட்டமன்றங்களில் முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி வேண்டும் என்று பிரிட்டிஷ் அமைச்சர் மோர்லியிடம் வாதாடினார். 1909 சீர்திருத்தத்தில் அது இடம்பெற்றது. லண்டனில் பள்ளிவாசல் கட்டுவதற்கான நிதியத்தைத் தொடங்கியதிலும், பால்கன் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் செம்பிறைச் சங்கத்தை நடத்தியதிலும் அவர் முன்னின்றார்.

இந்தக் குணத்துக்கு எல்லையும் இருந்தது. மக்கள் திரளை அவர் நம்பவில்லை. காங்கிரஸில் சேரவில்லை. 1913இல் இந்தியாவின் முஸ்லிம் லீக் தன்னாட்சியை இலக்காக ஏற்று, புதிய தலைமுறையின் கைக்குப் போனபோது, லண்டன் கிளைத் தலைவர் என்ற முறையில் அவர்களோடு அவருக்கு மோதல் வந்தது. சாம்ராஜ்யத்தின் சட்ட ஒழுங்குக்குள்ளேயே எல்லாம் சரியாகிவிடும் என்ற அவர் நம்பிக்கையைக் காலம் தாண்டிப் போய்விட்டது. மார்க்க விஷயங்களிலும் ‘ஸ்பிரிட் ஆஃப் இஸ்லாம்’ நூலில் அவர் எழுதிய சில கருத்துகளை உலமாக்களால் ஏற்க முடியவில்லை. சட்டத்தில் பழைய ஃபகீஹுகளைவிட்டு விலகாதவர், கொள்கை விளக்கத்தில் புதிய பாதை தேடினார். இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன.

அவர் கடைசியாக எடுத்த பெரிய முயற்சி அவர் விரும்பியதற்கு நேர்மாறாக முடிந்தது. கிலாஃபத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ஆகா கானும் அவரும் 1923 நவம்பரில் துருக்கிப் பிரதமர் இஸ்மத் பாஷாவுக்குக் கடிதம் எழுதினார்கள். அது அங்காரா அரசின் கைக்குச் சேர்வதற்குள் இஸ்தான்புல் பத்திரிகைகளில் வெளியாகிவிட்டது. லண்டனிலிருந்து வந்த தலையீடு என்று புதிய ஆட்சியாளர்கள் கோபம் கொண்டார்கள். 1924 மார்ச் 3 அன்று கிலாஃபத் ஒழிக்கப்பட்டது. நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட கடிதம், எதிர்த்தரப்பின் கைக்கு ஒரு காரணமாக அமைந்தது.

1928 ஆகஸ்ட் 3 அன்று இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியில் அமீர் அலி மறைந்தார். லண்டனுக்கு அருகே ப்ரூக்வுட் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய மகன் தாரிக் அமீர் அலியும் பிற்காலத்தில் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியானார்.

நமக்கு மிச்சமிருப்பது

வக்ஃபுச் சட்டம் இன்று மீண்டும் நாட்டின் பேச்சாகியிருக்கிறது. 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் பல பிரிவுகள் குறித்து நம் சமுதாயத்துக்குக் கடும் கவலை இருக்கிறது, வழக்குகளும் தொடுக்கப்பட்டுள்ளன. அந்தச் சட்டத்தில் உள்ள ஒரு விதி, குடும்ப வக்ஃபின் பெயரால் பெண் வாரிசுகளின் பங்கு மறுக்கப்படக் கூடாது என்கிறது. அப்படி ஒரு விதி எழுதப்பட நம்மில் சிலருடைய நடத்தையும் இடம்கொடுத்ததா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். 1894இல் எழுந்த சந்தேகமும் அங்கிருந்துதான் முளைத்தது.

அமீர் அலியின் வாழ்வில் நமக்குப் பயன்படும் பாடம் எளிமையானது. அவர் நீதிமன்றத்தில் உணர்ச்சியை முன்வைக்கவில்லை, நூலை முன்வைத்தார். அரபு மூலமும் ஆங்கிலச் சட்டமும் இரண்டும் தெரிந்த ஒருவர் அந்த அமர்வில் இருந்ததால்தான், பெரும்பான்மைத் தீர்ப்புக்குப் பக்கத்திலேயே அதற்கான மறுப்பும் பதிவானது. அந்தப் பதிவு இருந்ததால் பின்வந்தவர்களுக்கு வாதாட ஓர் அடித்தளம் கிடைத்தது. அன்று அவர் இல்லாதிருந்தால் நம் தரப்பு அந்தத் தீர்ப்பேட்டில் அவ்வளவு விரிவாகப் பதிவாகியிருக்காது.

இன்று மதரஸாவில் ஓதிய பிள்ளைகள் சட்டக் கல்லூரிக்கும், சட்டம் படித்த பிள்ளைகள் ஃபிக்ஹு வகுப்புக்கும் போக வேண்டிய தேவை அதனால்தான் இருக்கிறது. அதோடு ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் வக்ஃபுப் பத்திரங்களை எடுத்துப் பார்த்து, பதிவுகள் சரியாக உள்ளனவா, வாடகை சந்தை நிலவரத்துக்கு ஏற்ப வருகிறதா, கணக்கு ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கப்படுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஹாஜி முஹ்சினின் வக்ஃபில் முத்தவல்லிகள் தவறியபோது அரசு உள்ளே வந்தது. பிறகு அந்தப் பணம் அதற்குரிய பிள்ளைகளுக்குத் திரும்பி வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அந்த நிலை நம் ஊர் வக்ஃபுக்கு வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது, இன்ஷா அல்லாஹ்.